பாய்க்கப்பற்கால அச்சோவியங்களிற் காணும் கடல் மீட்பு

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து செல்லும் கீழைக்கரை ஒரு நெடிய மணற்கரை. பெருங்கப்பல் காற்றுக்கு ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைக் குடா எதுவும் அதில் இல்லை. ஒலுவிலிலே துறைமுகம் என்று ஒன்று கட்டித் திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான். அதற்கு முந்திய நூற்றாண்டுகளிலே இக்கரைக்கு வந்த கப்பல் எதுவாயினும் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, கரையிலிருந்து தோணிகளே அதனை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இக்கடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்ததும் அலை மதில்போல எழுந்து மணலில் அறையும். அக்காலத்திற் கப்பலுக்கும் கரைக்கும் இடையேயுள்ள சில நூறு பாகத் தொலைவு, நடுக்கடலினும் கொடியதாகிவிடும். அவ்விடைவெளியைக் கடக்க அறிந்தவன் கப்பலோட்டி அல்லன். கரையிற் பிறந்த தோணிக்காரனே.

இவ்வியல்பு ஒலுவிற் கரைக்கு மட்டும் உரியதன்று. பாக்கு நீரிணைக்கு வடக்கே சோழமண்டலக் கரையும் பெரும்பாலும் இத்தகையதே. அதன் தலைநகராக விளங்கிய சென்னைப்பட்டினம் இருநூற்றாண்டுகளுக்கு மேலாகத் துறைமுகமின்றியே உலக வாணிகம் நடத்தியது. அக்கரையைக் கண்ட ஐரோப்பிய ஓவியர்கள் அதனை வரைந்தனர்; வரைந்தவை அச்சேறி இலண்டன் கடைகளில் விலைப்பட்டன. அதே காலத்தில் ஐரோப்பாவிலே கடலில் நேர்ந்த மீட்புச் செயல்களைச் சித்திரிக்கும் அச்சோவியங்களும் பெருவாரியாக வெளிவந்தன. இவ்விரு தொகுதியையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழும். மீட்டவன் எவன் என்று இப்படங்கள் காட்டுகின்றன? எவனைக் காட்டியும் காட்டாது விடுகின்றன?

அச்சோவியம் என்பது செப்புத் தகட்டிற் கீறியோ அமிலத்தால் அரித்தோ உருவத்தை அமைத்து, மை பூசித் தாளில் ஒற்றி எடுப்பது. தகடு முழுவதையும் முதலிற் சொரசொரப்பாக்கி, ஒளி வேண்டும் இடங்களை மட்டும் தேய்த்து மெருகிடும் முறை ஒன்று உண்டு. இருளிலிருந்து உருவங்களை எழுப்ப அது மிக ஏற்றது. பிசின் தூளைத் தகட்டிற் படியவைத்துப் படிப்படியாக அரிக்கும் முறை பிறிதொன்று. நீர்வண்ணத்தின் மெல்லிய சாயல்களைத் தருவதாதலின், நுரையும் மூடுபனியும் புயல்முகிலும் நிறைந்த கடற்காட்சிக்கு அதுவே கைகொடுத்தது. எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பேரோவியம் ஒரு செல்வர் மாளிகையிலேயே தொங்கும். அதன் அச்சுப்படியோ தேநீர்க்கடைச் சுவரிலும் மாலுமி வீட்டிலும் தொங்கக்கூடும். ஆதலின் ஒரு மீட்புச் செயலை மக்கள் எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதை அறிவதற்கு மூல ஓவியத்தினும் அச்சுப்படியே சிறந்த சான்று.

இவ்வகையில் முதன்மை பெற்றது ஜோன் சிங்கிள்ரன் கொப்ளி 1778இல் தீட்டிய ஓவியம். 1749ஆம் ஆண்டு ஹவானாத் துறையில் நீந்திக்கொண்டிருந்த புறூக் வாற்சன் என்னும் சிறுவனைச் சுறா பற்றியது; தோழர்கள் படகிற் சென்று அவனைக் காத்தனர். அவன் ஒரு காலை இழந்தானாயினும், பின்னர் இலண்டன் மாநகர முதல்வனாகும் அளவுக்கு உயர்ந்தான். வலன்ரைன் கிறீன் இவ்வோவியத்தை 1779இல் அச்சுப்படமாக்கினார். படகிலுள்ளோர் அனைவர்க்கும் மேலாக, கூட்டத்தின் உச்சியிலே கறுப்பினத்தான் ஒருவன் நிற்கிறான். நீரில் மிதப்பவனை நோக்கி எறிந்த கயிறு அவன் கையினூடு செல்கிறது. படத்தின் கட்டுக்கோப்பு முழுவதும் அவனிடத்திலே முடிகிறது. அவன் பெயர் யாது என்று படம் கூறுவதில்லை. மீட்கப்பட்டவன் பெயரே படத்தின் பெயராயிற்று.

அடுத்த தலைமுறையில் நிலைமை சற்று மாறியது. மீட்டவனே படத்தின் நாயகனாயினான். ஆயின் அவன் பெரும்பாலும் ஒரு கடற்படை அதிகாரியாக இருந்தான். 1796ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டட்டன் என்னும் கப்பல் படைவீரரை ஏற்றியவண்ணம் பிளிமத் துறையருகே பாறையில் மோதியது. கரையில் நின்ற சேர் எட்வேட் பெலூ, கயிற்றைப் பற்றி அலையினூடே கப்பலுக்குச் சென்று, வாளை உருவிக் குழப்பத்தை அடக்கி, ஒழுங்காக யாவரையும் இறக்கினார். ஏறக்குறைய ஐந்நூறு பேர் இருந்த அக்கப்பலில் மிகச் சிலர் நீங்கலாக அனைவரும் உயிர் தப்பினர். பெலூ அவ்வாண்டிலேயே உயர்பட்டம் பெற்றார். தோமஸ் லூனி முதலிய கடலோவியர்கள் அந்நிகழ்ச்சியைத் தீட்டினர். அச்சுப்படங்கள் பெலூவின் பெயரை நாடெங்கும் பரப்பின. கென்ற் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1825ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் பிஸ்கே விரிகுடாவிலே தீப்பற்றியபோது, கேம்பிறியா என்னும் சிறு கப்பல் அண்டிச் சென்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காத்தது. வங்காளம் நோக்கிப் புறப்பட்ட படைவீரரும் அவர்தம் மனைவி மக்களும் அதில் இருந்தனராதலின், இந்தியாவோடு தொடர்புடைய குடும்பங்கள் பலவற்றில் அச்செய்தி துடிப்பை எழுப்பியது. தியோடோர் குதான் என்னும் பிரெஞ்சு ஓவியர் அதனைப் பேரோவியமாக்கினார். 1838இல் வெளிச்சவீட்டுக் காவலன் மகளாகிய கிறேஸ் டார்ளிங் தந்தையோடு சிறு படகிற் சென்று, உடைந்த கப்பலில் எஞ்சியவர்களைக் காத்தபோது, ஓவியர் பலர் அவ்வெளிச்சவீட்டுக்கே போய் அவள் உருவத்தை வரைந்தனர். எளிய குடியிற் பிறந்த ஒருத்தியும் பெயரோடும் முகத்தோடும் அச்சேறினாள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, உயர்குடிப் பிறப்பு மட்டுமே பெயரைத் தந்தது என்று கூறுதல் பொருந்தாது.

இனி, இலங்கைக் கீழைக்கரையோடு நேர்த்தொடர்புடைய ஒரு கேடு உண்டு. குறோவனர் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1782ஆம் ஆண்டு யூன் 13ஆம் நாள் திருக்கோணமலையை நீங்கி இங்கிலாந்து நோக்கிப் பாய் விரித்தது. ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் கீழைக்கடலிலே ஓயாது பொருத ஆண்டு அது. ஆகஸ்ட் 4ஆம் நாள் தென்னாபிரிக்காவின் பொண்டோக் கரையிலே அக்கப்பல் பாறையில் மோதிச் சிதைந்தது. பெரும்பாலோர் கரையேறினர், ஆயினும் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தை நோக்கி நூற்றுக்கணக்கான மைல் நடந்த வழியிலே பசியாலும் பிணியாலும் மாண்டனர். 1783இல் ஒல்லாந்தர் அனுப்பிய தேடற்குழு, வழியில் எஞ்சிக் கிடந்தோரைக் கண்டு காத்தது. அப்போது ஒல்லாந்தர் ஆங்கிலர்க்குப் பகைவராயிருந்தும் அக்குழு சென்றதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அங்ஙனம் காக்கப்பட்டோரில் ஆங்கில மாலுமிகள் சிலரே. லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளும் ஆயாமார் இருவரும் அவர்களினும் மிகுதியாக இருந்தனர். ஜோர்ஜ் கார்ட்டர் என்னும் ஓவியர், உயிர் தப்பிய மாலுமி ஒருவன் வாய்மொழியைக் கேட்டு 1791இல் ஒரு நூலும் அதற்குரிய செப்புத் தகட்டுப் படங்களும் வெளியிட்டார். ஆங்கிலச் சீமான்களும் சீமாட்டிகளும் பாறைமீது தவிக்கும் தோற்றமே அக்கேட்டைப் பற்றி இங்கிலாந்தின் மனத்திற் பதிந்தது. அங்ஙனம் பிழைத்த ஆயாமாரின் கதையை எழுத எவரும் முன்வரவில்லை. அஃது எழுதப்பட்டிருப்பின், குறோவனர் வரலாற்றின் மிக அரிய பகுதி அதுவாகவே இருந்திருக்கும்.

சென்னைக் கடற்கரைப் படங்களுக்கு வருவோம். ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட தொலைவில் நங்கூரமிடும். கப்பலுக்குரிய படகு அலையுடையும் இடத்தை அணுகினால் நொறுங்கிவிடும். ஆதலின் கரைப்படகே வரவேண்டும். மசூலாப் படகு எனப்பட்ட அதனிலே ஆணி ஒன்றும் இல்லை. பலகைகளைத் துளையிட்டு, மூட்டுவாயில் வைக்கோல் முதலியன அடைத்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். வயிறு அகன்றும் அடி தட்டையாகவும் இருக்கும். அலை தூக்கி மணலில் எறியும்போது ஆணியறைந்த வலிய படகு பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுத்து நிமிரும். கப்பற் கட்டுக்கலையில் மேம்பட்ட ஐரோப்பியர் இதனைக் கண்டு வியந்து எழுதியமை பொருத்தமே. பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிப்பர். பின்னணியத்தில் தண்டல் நின்று சுக்கானாகிய நீண்ட துடுப்பைப் பிடிப்பான். எந்த அலையின் முதுகில் ஏறுவது, எதனைக் கழிய விடுவது என்பது அவன் கண்ணிலேயே இருந்தது. அவன் குரலுக்கு ஏற்பப் பாட்டு விரையும். பாட்டுக்கு ஏற்பத் துடுப்பு விரையும்.

மசூலாப் படகோடு கட்டுமரமும் செல்லும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களைக் கயிற்றாற் பிணைத்து, ஒருவரோ இருவரோ முழங்காலில் அமர்ந்து வலித்துச் செல்வது. அதற்கு மூழ்குதல் என்பதே இல்லை; அலை புரட்டினாலும் ஓட்டி மீண்டும் ஏறிக்கொள்வான். படகு கவிழ்ந்தால் நீரில் வீழ்ந்தோரைத் தூக்கி எடுப்பதே அது உடன் செல்வதன் நோக்கம். படகு ஏதும் கடலில் இறங்கவியலாத நாளிலுங்கூடக் கட்டுமரக்காரன் கப்பலுக்குக் கடிதம் கொண்டு சென்றான். பாயால் முடைந்த கூரிய தொப்பி ஒன்றுக்குள் கடிதங்களை நனையாது செருகி, அதனைத் தலையிற் கட்டிக்கொண்டு அவன் அலையினுட் பாய்வான். உயிர்களைக் காத்த கட்டுமரக்காரர்க்கு அரசாங்கம் பதக்கம் வழங்கியதென அக்காலக் குறிப்புகள் கூறும். எனவே இவர்தம் தொழில் மீட்பே என்பதைக் கம்பெனி ஆட்சியும் நன்கு அறிந்திருந்தது. கம்பெனிக் காலத்துப் பதிவுகளிற் சென்னைப் படகோட்டிகள் முக்குவர் என்னும் பெயராற் குறிக்கப்படுவதுண்டு. மட்டக்களப்பு நாட்டில் அதே பெயர் கொண்ட குடியினர் நிலமும் தலைமையும் பெற்று விளங்கினர். பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு உறவு நாட்டுதல் தவறாயினும், ஒரே கடலின் இரு கரையிலும் அப்பெயர் வழங்கியமை ஆராயத்தக்கது.

தோமஸ் டானியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டானியலும் 1792இல் தென்னகத்துக்கு வந்தனர். அவர்கள் வெளியிட்ட கீழைநாட்டுக் காட்சிகள் என்னும் பெருந்தொகுதியில், சென்னைக் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டும் படம் ஒன்று உண்டு. 1797இல் அது வெளிவந்தது. கோட்டையின் வெண்ணிறக் கட்டடங்கள் வெயிலில் மிளிர, முன்னே கடல் கொந்தளிக்கிறது. அலையினிடையே கரைப்படகுகள் போராடுகின்றன. காண்போன் கண் முதலில் அலைக்கே செல்கிறது. அதன்பின் ஈஸ்ற் என்பார் வரைய, ஹன்ற் என்பார் அச்சேற்றிய இரு படங்கள் 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்தன; ஒன்று சென்னையிற் கரையிறங்குதல், மற்றொன்று கப்பலேறுதல். இவற்றிற் படகும் பயணிகளும் அலையுமே பொருள். ஐரோப்பியப் பெண்டிர் அஞ்சி ஒடுங்கி அமர்ந்திருக்க, கரிய மேனியர் எழுந்து நின்று துடுப்பு வலிக்கின்றனர்.

இப்படங்கள் எவற்றிலும் மீட்பு என்னும் சொல் தலைப்பில் இல்லை. பொருளோ மீட்பன்றி வேறன்று. ஐரோப்பியக் கரையிலே மீட்பு ஒரு நாள் நிகழ்ச்சி. ஆண்டும் திங்களும் நாளும் குறித்து, வீரன் பெயரையும் பொறித்துக் கூறத்தக்கது. சோழமண்டலக் கரையிலோ அது நாள்தோறும் நிகழ்ந்த கூலித்தொழில். நாள்தோறும் நிகழ்வதற்கு நாயகன் இல்லை. ஓவியன் அதனை அந்நாட்டின் விந்தைக் காட்சிகளுள் ஒன்றாக, யானையையும் கோபுரத்தையும் வரைவது போல வரைந்தான். கட்டுமரக்காரனின் கைத்திறத்தைச் சிறிதும் குறைத்துக் காட்டினான் அல்லன். அத்திறத்தை உடையவன் ஒரு தனி மனிதன் என்பதைமட்டும் காட்டாது விட்டான். பயணிகள் எழுதிய நூல்களிலும் இவ்விரட்டை நோக்கே காணப்படும். ஒரு பக்கத்தில் படகோட்டியின் துணிவைப் புகழ்வர். மறுபக்கத்தில் அவன் கூலி மிகுதியாகக் கேட்டான் எனக் குறைகூறுவர். உயிருக்கு விலை பேசினான் என்று சினந்தவர்கள், பேசிய விலை எத்துணைச் சிறிது என்பதை எண்ணிப் பார்த்திலர்.

டட்டன் கப்பலில் ஐந்நூறு உயிர் காத்த பெலூ, 1805 முதல் 1809 வரை கீழைக்கடற் படைக்குத் தலைவராகச் சென்னையை இருப்பிடமாகக் கொண்டிருந்தார். ஐரோப்பாவின் அச்சோவியங்களிலே மீட்பு வீரராக விளங்கிய அவரும், சென்னையிற் கால் வைக்கக் கரைப்படகோட்டியின் கையையே நம்பியிருக்க வேண்டும். வேறு வழி அக்கரையில் இருந்ததில்லை. அவரோடு தலைமை பற்றிப் பிணங்கிய தளபதி சேர் தோமஸ் துறூபிறிட்ஜ், பழுதுற்ற பிளெனிம் என்னும் போர்க்கப்பலில் 1807ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சென்னையை விட்டுச் சென்றார். இந்துமாக்கடலின் நடுவே புயலில் அகப்பட்ட அக்கப்பலில் ஒருவரும் மீளவில்லை. நடுக்கடலிலே கட்டுமரக்காரன் உதவி எட்டாது.

ஐரோப்பிய ஓவியனை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. தமிழர்தம் மரபும் மீட்டவனின் பெயரைப் பேணியதில்லை. சிலப்பதிகாரத்திலே, கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனப் பெயரிட்டமைக்குக் காரணம், அவன் முன்னோன் ஒருவன் கலமுடைந்து கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் தோன்றிக் காத்தமையே. அத்தெய்வம் கீழைநாடுகளிலும் போற்றப்பட்டது. மகாஜனக ஜாதகக் கதையில் அரசகுமாரனைக் கடலிலிருந்து தூக்கிச் செல்லும் காட்சி சியாம நாட்டுச் சுவரோவியங்களில் இடம்பெற்றது. நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையைப் பற்றிய வரலாறும் இத்தகையதே. அவர் முகம் வழிக்கப்பெறும் வேளையில், கடலில் ஒரு கப்பல் ஓட்டையுற்று மூழ்குவதை உள்ளத்தால் உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை எறிந்தாரென்றும், அது சென்று ஓட்டையை அடைத்ததென்றும் கூறுவர். அக்கப்பல் ஒல்லாந்தருடையது என்பாரும் போர்த்துக்கேயருடையது என்பாரும் உளர். ஆண்டகை வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டு. ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையிற் காலூன்றியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எனவே ஒல்லாந்தர் பெயர் பின்னர்ப் புகுந்ததாதல் வேண்டும். நாகூருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள வேளாங்கண்ணியிலும், மக்காவோவிலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கேய மாலுமிகள் புயலிலிருந்து தப்பிக் கோயில் எழுப்பினர் என்பது மரபு. செப்டெம்பர் 8ஆம் நாட் பெருவிழா அதன் நினைவே. மூன்று சமயத்தார் வாழும் ஒரே கரையில் மூன்று மீட்புக் கதைகள் வழங்குகின்றன. மூன்றிலும் மீட்டது தெய்வ அருள். படகிறக்கியவன் எவனும் கதையில் இல்லை.

நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த கடற்கரைப் பள்ளி ஒன்று கல்முனைக்குடியிலே அலைவாய்க்கருகில் நிற்கிறது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நிகழும். கடற்றொழில் செய்யும் குடும்பங்கள் நேர்த்திக்கடன் செலுத்த வருகின்றன. அச்சோவியத்தைக் கண்டறியாத இக்கரை மக்களுக்கு, கடலில் அகப்பட்டவனை ஒரு கை எட்டிப் பிடிக்கும் என்னும் நம்பிக்கையின் உருவம் அக்கொடியேயாம்.

சென்னையிலே 1860களின் தொடக்கத்தில் இரும்புக்கால்கள் மீது நீண்ட இறங்குதுறை அமைந்தது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது, மீண்டும் கட்டினர். துறைமுகம் நிலைபெற மசூலாப் படகுக்கு வேலை ஒழிந்தது. படகோட்டி ஓவியத்திலிருந்தும் மறைந்தான். இலங்கையின் தென்கீழ்க் கடலிலே கப்பல்களை அச்சுறுத்திய பாசுப் பாறைகள் மீது 1873இலும் 1878இலும் வெளிச்சவீடுகள் எழுந்தன. அவற்றைக் கட்டிய பொறியாளர் பெயர்களைப் பதிவேடுகள் கூறுகின்றன. கட்டுமரம் என்னும் சொல்லை 1697இலேயே வில்லியம் டாம்பியர் தம் கடற்பயண நூலில் எடுத்தாண்டார். ஆங்கில மொழி அதனைத் தனதாக்கிக்கொண்டது. ஓட்டியைக் குறிக்கும் தமிழ்ச்சொல் எதனையும் அம்மொழி ஏற்றதில்லை.

ஒலுவிலிலும் மனிதன் கட்டிய துறைமுகத்தின் வாயிலைத் திறந்த சில ஆண்டுகளிலேயே மணல் அடைத்தது. அதன் வடபுறக் கரையைக் கடல் அரித்தது. கரைவலைத் தோணிகளோ, எப்போதும் போல மணலிலிருந்தே அலையினுள் இறங்கின. முன்னணியத்தில் நின்றவன் அலையை எண்ண, மற்றையோர் தோள் கொடுத்துத் தள்ளினர்.